வரிசையும் வருவாயும்: பெருந்தொற்றுக்குப் பின் மூட்டு மாற்று அறுவையை மீண்டும் தொடங்கிய இரு நாடுகள்

2020 மார்ச் 17ஆம் தேதி இங்கிலாந்தின் தேசிய சுகாதார சேவையான என்.எச்.எஸ்.ஸின் தலைமை நிர்வாகி சைமன் ஸ்டீவன்ஸும், அவருக்கு அடுத்த பொறுப்பில் இருந்த அமண்டா பிரிட்சர்டும் தங்கள் மருத்துவமனைகளுக்கு ஒரு கடிதம் அனுப்பினார்கள். அவசரமில்லாத அறுவை சிகிச்சைகளை ஏப்ரல் 15க்குள் நிறுத்திவிட வேண்டும், குறைந்தது மூன்று மாதம் அவற்றைத் தொடக் கூடாது, கொரோனா நோயாளிகளுக்காக 30,000 படுக்கைகளையாவது காலியாக்க வேண்டும் என்றது கடிதம். மறுநாள், மார்ச் 18 அன்று, அமெரிக்காவில் முதியோருக்கான மெடிகேர், ஏழைகளுக்கான மெடிக்கெய்ட் ஆகிய அரசுக் காப்பீட்டுத் திட்டங்களை நடத்தும் மத்திய அமைப்பான சி.எம்.எஸ்., உடனடியாகத் தேவைப்படாத அறுவைகளைத் தள்ளிப்போடும்படி நாடு முழுவதற்கும் பரிந்துரைத்தது. இப்படி இடுப்பு மூட்டு, முழங்கால் மூட்டு மாற்று அறுவைகள் இரு நாடுகளிலும் ஏறத்தாழ ஒரே வாரத்தில் நின்றுபோயின.

நிறுத்தியதில் பெரிய சர்ச்சை எழவில்லை. வென்டிலேட்டரும் முகக்கவசமும் பற்றாக்குறையாக இருந்த நேரத்தில், உயிருக்கு ஆபத்தில்லாத அறுவையை ஒத்திவைப்பது நியாயம்தான் என்று மருத்துவர்களும் நோயாளிகளும் ஏற்றுக்கொண்டார்கள். கடினமான கேள்விகள் மீண்டும் தொடங்கும்போது வந்தன. எப்போது தொடங்கலாம்? யாருக்கு முதலில் செய்வது? யார் அதை முடிவு செய்வது? காத்திருந்தவர்கள் அனுபவித்த வலிக்குக் கணக்கில் இடம் உண்டா?

இந்தக் கேள்விகளுக்கு இங்கிலாந்தும் அமெரிக்காவும் தந்த விடைகளை அருகருகே வைத்துப் பார்ப்பதே இந்தக் கட்டுரையின் வேலை. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்து வரிசையை நம்பியது. அந்த வரிசை நேர்மையாக இருந்தது, ஆனால் நகரவில்லை. அமெரிக்கா வருவாயை நம்பியது. அது வேகமாக நகர்ந்தது, ஆனால் யாரை விட்டுவிட்டு நகர்ந்தது என்று திரும்பிப் பார்க்கவில்லை. அறுவை செய்தால் என்ன ஆபத்து என்று கணக்கிட்ட அளவுக்கு, செய்யாமல் விட்டால் என்ன கேடு என்று இரண்டு நாடுகளுமே கணக்கிடவில்லை.

நிறுத்திவைத்தது என்ன?

நவீன இடுப்பு மூட்டு மாற்று அறுவையின் பிறப்பிடம் இங்கிலாந்து. லங்காஷைர் மாவட்டத்தில் ரைட்டிங்டன் மருத்துவமனையில் ஜான் சார்ன்லி 1962இல் செய்த அறுவைதான் இன்றைய முறைக்கு அடித்தளம். தேய்ந்த எலும்பு முனையை வெட்டி நீக்கிவிட்டு, உலோகத் தண்டும் பாலித்தீன் கிண்ணமும் பொருத்தி, எலும்புச் சிமெண்டால் இறுக்கும் அந்த முறை உலகெங்கும் பரவியது. பெருந்தொற்றுக்கு முந்தைய ஆண்டுகளில் இங்கிலாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து ஆகியவற்றின் தேசிய மூட்டுப் பதிவேட்டில் இடுப்பு ஒரு லட்சம், முழங்கால் ஒரு லட்சம் என்ற கணக்கில் ஆண்டுதோறும் அறுவைகள் பதிவாயின. அமெரிக்காவில் இரண்டும் சேர்ந்து ஆண்டுக்குப் பத்து லட்சத்தைத் தாண்டும்.

இந்த அறுவைக்காகக் காத்திருப்பவரின் ஒரு நாளைக் கிட்டத்தில் போய்ப் பார்க்க வேண்டும். இடுப்பு மூட்டு தேய்ந்தவருக்குக் காலையில் முதல் தடையாக வருவது காலுறை. குனிந்து பாதத்தைத் தொட முடியாது. துணைவரோ மகளோ மாட்டிவிட வேண்டும். மாடிப்படியில் இரண்டு காலையும் ஒரே படியில் ஊன்றி ஊன்றித்தான் ஏற முடியும். காரில் உட்கார்ந்த பிறகு காலைக் கையால் தூக்கி உள்ளே வைக்க வேண்டும். கழிப்பறையில் உட்கார்ந்து எழ ஒரு பிடிமானம் தேவை. பகலைவிட இரவு கொடுமை. எந்தப் பக்கம் புரண்டாலும் வலி எழுப்பிவிடும். பாரசிட்டமாலில் தொடங்கி, வயிற்றையும் சிறுநீரகத்தையும் பதம்பார்க்கும் இபுபுரூஃபனுக்குப் போய், கடைசியில் பழக்கமாகிவிடும் கோடீன் போன்ற ஓபியாய்டு மாத்திரைகளில் வந்து நிற்பார்கள். நடை குறையும், தசை வற்றும், எடை ஏறும், சர்க்கரை கட்டுப்பாட்டை இழக்கும். ஓராண்டு தள்ளிப்போன பிறகு அறுவை மேசைக்கு வருபவர், முன்பு வந்திருக்க வேண்டிய அதே ஆள் அல்ல.

இந்த வேதனையை அளக்க ஐந்தே கேள்விகள் கொண்ட ஒரு படிவம் இருக்கிறது. ஈக்யூ-5டி என்பது அதன் பெயர். நடமாட்டம், தன்னைத் தானே கவனித்துக்கொள்ளுதல், அன்றாட வேலைகள், வலி, மனக்கவலை ஆகிய ஐந்தும் எப்படி இருக்கின்றன என்று அது கேட்கும். முழு நலத்துக்கு மதிப்பெண் 1. மரணத்துக்குச் சமமான நிலைக்கு 0. பூஜ்யத்துக்குக் கீழேயும் மதிப்பெண் போகும். அப்படிப் போனவர்கள் சாக விரும்புகிறார்கள் என்று அர்த்தமில்லை. பொதுமக்களிடம் கேட்டு வகுத்த அந்த அளவுகோலின்படி, மரணத்தைவிட மோசமானதாக மதிப்பிடப்படும் ஒரு நிலையில் அவர்கள் இருக்கிறார்கள் என்று பொருள்.

எடின்பரோ மருத்துவர்கள் பெருந்தொற்றுக்கு முன்பே இதை ஆராய்ந்திருந்தார்கள். இடுப்பு மாற்றுக்குக் காத்திருந்தவர்களில் நூற்றுக்கு 19 பேரும், முழங்காலுக்குக் காத்திருந்தவர்களில் 12 பேரும் பூஜ்யத்துக்குக் கீழே இருந்தார்கள். அறுவைகள் நின்ற பிறகு பிரிட்டனின் பல மருத்துவமனைகளில் நடந்த ஆய்வில், அந்த எண்கள் முறையே ஏறத்தாழ 35 ஆகவும் 22 ஆகவும் உயர்ந்திருந்தன. உயிருக்கு ஆபத்தில்லாத நோய் என்பதால்தான் இந்த அறுவையை நிறுத்தினார்கள். அந்த நோயோடு வாழ்வது எத்தகையது என்பதை இந்த எண்கள் சொல்கின்றன. இவற்றை ஒதுக்கிவிட்டு எந்த அறம் பேசினாலும் அது பாதிதான்.

எந்தப் படியில் வைத்தார்கள்?

தொற்று தணியும்போது எந்த அறுவை முன்னே, எது பின்னே என்று தீர்மானிக்க இரு நாடுகளும் படிநிலைகள் வகுத்தன.

இங்கிலாந்தில் அறுவை மருத்துவச் சங்கங்கள் கூடித் தயாரித்த பட்டியல் காலத்தை அளவாகக் கொண்டது. முதல் படி, 24 மணி நேரத்திலோ 72 மணி நேரத்திலோ செய்தாக வேண்டியவை. இரண்டாம் படி, ஒரு மாதம் தாங்குபவை. மூன்றாம் படி, மூன்று மாதம் தாங்குபவை. நான்காம் படி, மூன்று மாதத்துக்கு மேலும் தள்ளிவைக்கக்கூடியவை. வழக்கமான இடுப்பு, முழங்கால் மாற்று அறுவைகளில் பெரும்பாலானவை கடைசிப் படியான நான்கில் போய் விழுந்தன. மற்ற மூன்று படிகளுக்கும் மேல்வரம்பு இருந்தது. நான்காம் படிக்கு இல்லை. மூன்று மாதத்துக்கு மேல் என்பது ஆறு மாதமாகலாம், இரண்டு ஆண்டாகவும் ஆகலாம்.

அமெரிக்காவில் சி.எம்.எஸ். வெளியிட்ட பட்டியலில் மூன்று அடுக்குகள். மணிக்கட்டு நரம்பு அழுத்தத்துக்கான அறுவை, கண்புரை அறுவை போன்றவை முதல் அடுக்கில், தள்ளிப்போட வேண்டியவையாக இருந்தன. பெரும்பாலான புற்றுநோய் அறுவைகள் தள்ளிப்போடக் கூடாத மூன்றாம் அடுக்கில் இருந்தன. இடுப்பு, முழங்கால் மாற்றுக்கு இரண்டாம் அடுக்கில் இடம் கிடைத்தது. தள்ளிப்போடலாமா என்று யோசியுங்கள் என்பதே அதற்கான அறிவுரை.

அதே மூட்டு, அதே தேய்மானம், அதே வலி. ஒரு நாட்டில் கடைசிப் படி, மற்றொன்றில் நடுப்படி. இதிலிருந்து தெரிவது, படிநிலை என்பது மருத்துவ உண்மை மட்டுமல்ல என்பதுதான். எதை முக்கியம் என்று கருதுகிறோம் என்ற மதிப்பீடும் அதற்குள் இருக்கிறது. இங்கிலாந்தின் பட்டியல் எத்தனை நாள் தாங்கும் என்று கேட்டது. எவ்வளவு வலிக்கிறது என்று கேட்கவில்லை. ஆகவே நோயாளியின் வலி மாதத்துக்கு மாதம் கூடினாலும் அவருடைய படி தானாக ஏறாது. மருத்துவர் மீண்டும் பார்த்து மாற்றினால்தான் உண்டு. மீண்டும் பார்க்க மருத்துவருக்கு நேரம் இல்லை. இந்தப் பட்டியலை வகுத்தவர்களின் நோக்கத்தில் குறை காண முடியாது. புற்றுநோயாளியும் இதய நோயாளியும் முன்னே போகத்தான் வேண்டும். சில மாதங்களுக்கு என்று வகுத்த அவசர ஏற்பாடு ஆண்டுக்கணக்கில் நீண்டதுதான் தவறு.

கதவைத் திறந்தது யார்?

அமெரிக்காவில் 2020 ஏப்ரல் 17ஆம் தேதி இரண்டு அறிவிப்புகள் வந்தன. அமெரிக்க அறுவை மருத்துவர் கல்லூரி, மயக்கவியல் மருத்துவர் சங்கம், அறுவை அரங்கச் செவிலியர் சங்கம், மருத்துவமனைச் சங்கம் ஆகிய நான்கும் சேர்ந்து ஒரு வழிகாட்டியை வெளியிட்டன. ஒரு பகுதியில் புதிய தொற்று குறைந்தது 14 நாள் தொடர்ந்து இறங்குமுகமாக இருந்த பிறகே தொடங்க வேண்டும், எந்த நோயாளி முதலில் என்பதை அறுவை மருத்துவர், மயக்க மருத்துவர், செவிலியர் அடங்கிய குழு முடிவு செய்ய வேண்டும் என்றது அது. அதே நாளில் டெக்சாஸ் ஆளுநர் கிரெக் அபட், ஏப்ரல் 22 முதல் தன் மாநிலத்தில் அறுவைகளைத் தொடங்க வழிசெய்யும் உத்தரவில் கையெழுத்திட்டார். படுக்கைகளில் நான்கில் ஒரு பங்கைக் கொரோனா நோயாளிகளுக்கு ஒதுக்கிவைக்க வேண்டும், அரசிடம் பாதுகாப்புக் கவசங்கள் கேட்கக் கூடாது என்று உறுதியளிக்கும் மருத்துவமனைகளுக்கு அந்த உத்தரவு வழிவிட்டது. ஜூன் கடைசி வாரத்தில் தொற்று மீண்டும் பெருகியதும் ஹூஸ்டன், டல்லஸ், ஆஸ்டின், சான் அன்டோனியோ நகரங்கள் அடங்கிய நான்கு கவுண்டிகளில் அதே ஆளுநர் அறுவைகளை நிறுத்தினார்.

இந்த அவசரத்துக்குப் பின்னால் பணம் இருந்தது. அமெரிக்க மருத்துவமனைகளின் வருவாய்க்கு முதுகெலும்பு திட்டமிட்ட அறுவைகள். அவற்றில் மூட்டு மாற்றுக்கு முக்கிய இடம். 2020 மார்ச் முதல் ஜூன் வரையான நான்கே மாதங்களில் இழப்பு 20,260 கோடி டாலர் என்று அமெரிக்க மருத்துவமனைச் சங்கம் மதிப்பிட்டது. மார்ச் 27இல் நிறைவேறிய நிவாரணச் சட்டம் மருத்துவமனைகளுக்கும் பிற மருத்துவ நிலையங்களுக்கும் 10,000 கோடி டாலர் ஒதுக்கியும் பள்ளம் நிரம்பவில்லை. கதவு மூடியிருக்கும் ஒவ்வொரு வாரமும் மருத்துவமனை திவாலை நோக்கி நகரும் என்றால், திறப்பதற்கான நாளை நிர்வாகி நோயாளியின் முகத்தை மட்டும் பார்த்து முடிவு செய்ய மாட்டார்.

இங்கிலாந்தில் இந்த நெருக்கடி இல்லை. அந்தக் காலத்தில் என்.எச்.எஸ். மருத்துவமனைகளுக்கு, செய்த அறுவைகளை எண்ணிப் பணம் தருவதை விட்டுவிட்டு மொத்தத் தொகை வழங்கப்பட்டது. அறுவை நின்றாலும் சம்பளம் நிற்கவில்லை. ஆகவே அவசரப்படாமல், பாதுகாப்பைப் பார்த்து நிதானமாகத் தொடங்க முடிந்தது. ஜூலை 31 அன்று வந்த கடிதம், செப்டம்பரில் முந்தைய ஆண்டின் திட்டமிட்ட அறுவைகளில் 80 சதவீதத்தையும் அக்டோபரில் 90 சதவீதத்தையும் எட்ட வேண்டும் என்று இலக்கு வைத்தது. ஆனால் குளிர்காலத்தில் இரண்டாம் அலை அடித்தது. 2021 ஜனவரியில் பல மருத்துவமனைகளில் மூட்டு அறுவைகள் மறுபடியும் நின்றன.

விளைவில் மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு. அமெரிக்காவில் முதல் முடக்கத்தின்போது மொத்த அறுவைகள் 48 சதவீதம் குறைந்தன. ஆனால் 2020 ஜூலை முதலே ஏறத்தாழ 2019இன் அளவுக்குத் திரும்பிவிட்டன என்று அந்நாட்டு ஆய்வொன்று காட்டியது. இங்கிலாந்தில் எல்லா வகை சிகிச்சைகளுக்குமான காத்திருப்புப் பட்டியல், தொற்றுக்கு முன் சுமார் 45 லட்சமாக இருந்தது, 2023 செப்டம்பரில் 77 லட்சத்தைத் தாண்டியது.

ஊழியருக்கு என்ன நேர்ந்தது?

அறுவை அரங்கம் தானாக இயங்காது. மீண்டும் தொடங்குவதன் அறத்தைப் பேசும்போது ஊழியர்களை மறப்பது அநீதி.

இங்கிலாந்தில் மயக்க மருத்துவர்களும் அறுவை அரங்கச் செவிலியர்களும் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றப்பட்டார்கள். பழக்கமில்லாத பிரிவில், முகத்தில் தழும்பு விழும்படி கவசம் அணிந்து, மரணங்களை வரிசையாகப் பார்த்த மனிதர்கள் அவர்கள். அலை வடிந்ததும் உடனே அறுவை அரங்குக்குத் திரும்பி, தேங்கிய வேலையைத் தீர்க்கச் சொன்னோம். காத்திருக்கும் நோயாளியின் உரிமைக்கும் களைத்துப்போன செவிலியரின் உரிமைக்கும் இடையே எளிய தீர்வு இல்லை. இங்கிலாந்து மெதுவாகத் தொடங்கியதற்கு ஆள் பலம் தளர்ந்ததும் ஒரு காரணம்.

அமெரிக்காவில் நடந்தது வேறு. அறுவை நின்றதும் வருவாய் நின்றது. வருவாய் நின்றதும் ஊழியர்கள் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். 2020 ஏப்ரல் ஒரே மாதத்தில் மருத்துவத் துறையில் 14 லட்சம் வேலைகள் குறைந்தன என்று அந்நாட்டுத் தொழிலாளர் புள்ளிவிவரத் துறை பதிவு செய்திருக்கிறது. அவற்றில் பல் மருத்துவமனை, தனி மருத்துவர் அலுவலக வேலைகளும் அடங்கும். நூற்றாண்டின் பெருந்தொற்று நடக்கும்போது மருத்துவ ஊழியர்களை வேலையிலிருந்து நிறுத்த வேண்டியிருந்தது என்பது, மருத்துவத்தை அறுவைக் கட்டணத்தில் கட்டி எழுப்பிய அமைப்பின் அடிப்படைக் கோளாறு. இந்த இடத்தில் இங்கிலாந்தின் ஏற்பாடே மேலானது என்பதில் எனக்கு ஐயமில்லை.

யாருக்கு முதலில்?

மீண்டும் தொடங்கியபோது இரு நாடுகளிலும் ஒரு நடைமுறை மேலோங்கியது. ஆபத்துக் குறைந்தவர்களை முதலில் எடுப்பது. வயது குறைந்தவர், சர்க்கரையும் இதய நோயும் இல்லாதவர், தீவிர சிகிச்சைப் படுக்கை தேவைப்படாதவர், அன்றைக்கோ மறுநாளோ வீடு திரும்பக்கூடியவர். இதற்கு மருத்துவ நியாயம் உண்டு. 24 நாடுகளின் 235 மருத்துவமனைகளில், அறுவையை ஒட்டிக் கொரோனா தொற்றிய 1,128 நோயாளிகளைப் பற்றிய ஆய்வு 2020 மே மாதம் லான்செட் இதழில் வந்தது. அவர்களில் 23.8 சதவீதம் பேர் 30 நாளில் இறந்திருந்தார்கள். திட்டமிட்ட அறுவை செய்துகொண்டவர்களில் மட்டும் பார்த்தால் 18.9 சதவீதம். சாதாரண நாளில் இடுப்பு மாற்று அறுவைக்குப் பின் இறப்பவர்கள் நூற்றுக்கு ஒருவருக்கும் வெகு குறைவு. அந்த எண்கள் தடுப்பூசிக்கு முந்தைய முதல் அலையின் எண்கள் என்றாலும், எந்த மருத்துவரையும் நடுங்கவைக்கப் போதுமானவை.

ஆனால் மூட்டுத் தேய்மானம் யாரை அதிகம் வாட்டுகிறது? முதியவர்களை, எடை கூடியவர்களை, உடலுழைப்பில் தேய்ந்தவர்களை. அவர்களுக்கே சர்க்கரையும் இரத்த அழுத்தமும் அதிகம். ஆபத்துக் குறைந்தவர் முதலில் என்ற விதியைக் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றினால், அதிகம் துன்பப்படுபவர் கடைசிக்குத் தள்ளப்படுவார். விதி நடுநிலையாகத் தோன்றும். அதன் விளைவு நடுநிலையாக இருக்காது.

அமெரிக்காவில் இது இன்னும் கூர்மையானது. மெடிகேர் 2018இல் முழங்கால் மாற்றையும் 2020இல் இடுப்பு மாற்றையும், மருத்துவமனையில் உள்நோயாளியாகத் தங்கித்தான் செய்ய வேண்டும் என்ற பட்டியலிலிருந்து எடுத்திருந்தது. தொற்றுப் பயம் வந்ததும், காலையில் அறுவை முடித்து மாலையில் வீட்டுக்கு அனுப்பும் முறை வேகமெடுத்தது. கொரோனா நோயாளிகள் வராத தனி அறுவை மையங்கள் அங்கே ஏற்கெனவே இருந்தது பெரிய பலம். அதன் பயனை மறுக்க முடியாது. ஆனால் அன்றே வீடு திரும்ப வேண்டுமென்றால் வீட்டில் துணை வேண்டும், படியேறத் தேவையில்லாத படுக்கையறை வேண்டும், வேறு நோய் இருக்கக் கூடாது, கைகொடுக்கும் காப்பீடு வேண்டும். மூன்றாம் மாடியில் தனியாக வாழும் ஏழை மூதாட்டி இந்தச் சல்லடையில் எங்கே நிற்பார்? கறுப்பின மக்களுக்கு முழங்கால் மாற்று அறுவை கிடைக்கும் விகிதம் வெள்ளையரைவிடக் குறைவு என்பது தொற்றுக்கு முன்பே பல ஆய்வுகளில் உறுதியான ஒன்று. ஏற்கெனவே இருந்த பள்ளத்தின் மேல் இந்தச் சல்லடையும் வந்து விழுந்தது.

இங்கிலாந்திலும் ஏழைகள் தப்பவில்லை. ஏழ்மை மிகுந்த பகுதிகளில் வாழ்பவர்கள் ஓராண்டுக்கு மேல் காத்திருக்கும் வாய்ப்பு, வசதியான பகுதியினரைவிட ஏறத்தாழ இருமடங்கு என்று கிங்ஸ் ஃபண்ட் ஆய்வு நிறுவனம் 2021இல் காட்டியது. வரிசை நீண்டதும் கையில் காசு இருந்தவர்கள் தனியார் மருத்துவமனைக்குச் சென்று சொந்தச் செலவில் மூட்டு மாற்றிக்கொண்டார்கள். இலவச மருத்துவத்தின் தாயகத்திலும், காத்திருப்பு ஓர் எல்லையைத் தாண்டினால் பணம் பேசும்.

நோயாளியின் சம்மதம்

இங்கிலாந்தின் சிறப்பு ஒன்றை இங்கே குறிப்பிட வேண்டும். 2020 ஜூலையில், மருத்துவ வழிகாட்டிகளை வகுக்கும் நைஸ் அமைப்பு வெளியிட்ட வழிகாட்டி, திட்டமிட்ட அறுவைக்கு வருபவர்கள் 14 நாள் கவனமாக விலகியிருக்க வேண்டும், அறுவைக்கு மூன்று நாளுக்குள் பரிசோதனை செய்துகொண்டு அதன்பின் தனிமையில் இருக்க வேண்டும் என்றது. பிறகு அறுவை மருத்துவச் சங்கங்களின் படிநிலைப் பட்டியலில் ஐந்தாம் படி ஒன்றும் சேர்ந்தது. தொற்றுப் பயத்தால் இப்போது வேண்டாம் என்று சொல்பவர்களுக்கான படி அது. வேண்டாம் என்றவரின் பெயரை அடித்துவிடாமல் வரிசையில் வைத்திருப்பது நல்ல அறம். பயந்தவரைத் தண்டிக்காத அமைப்பே உண்மையான சம்மதத்தைப் பெற முடியும்.

அமெரிக்காவில் நோயாளி மருத்துவரோடு நேரடியாகப் பேசித் தேதியை முடிவு செய்ய முடிந்தது. வலியையும் ஆபத்தையும் எடைபோட்டு, நான் தயார் என்று சொல்லும் உரிமை அங்கே அதிகம். இது சிறிய விஷயமல்ல. எழுபது வயதில் எஞ்சிய நல்ல ஆண்டுகளை எப்படிச் செலவிடுவது என்று தீர்மானிக்க வேண்டியவர் அந்த மனிதர்தான். இங்கிலாந்தில் ஒருவர் எத்தனை துணிவோடு தயார் என்று சொன்னாலும் கதவு திறந்திருக்கவில்லை. ஆனால் அமெரிக்காவில் அந்தத் தேர்வைக் காப்பீடு நெருக்கியது. காப்பீடு கைகொடுக்கும் முன் நோயாளி கட்ட வேண்டிய தொகை ஒவ்வோர் ஆண்டும் புதிதாகத் தொடங்கும். ஏற்கெனவே அதைக் கட்டி முடித்தவர் அறுவையை அடுத்த ஆண்டுக்குத் தள்ளினால் மறுபடியும் கட்ட வேண்டும். வேலையோடு காப்பீட்டையும் இழந்தவருக்குத் தேர்வே இல்லை.

எண்ணப்பட்டவரும் எண்ணப்படாதவரும்

இரு நாடுகளையும் ஒப்பிடும்போது எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான்.

இங்கிலாந்தில் ஓராண்டுக்கு மேல் காத்திருந்தவர்கள் 2020 பிப்ரவரியில் சுமார் 1,600 பேர். 2021 மார்ச்சில் 4,36,127 பேர். எல்லா வகை சிகிச்சைக்கும் சேர்ந்த இந்தக் கணக்கில் எலும்பு மருத்துவப் பிரிவின் பங்கே பெரியது. இந்த எண் ஒரு நாட்டுக்கு அவமானம். ஆனால் அந்த எண் வெளியானதே ஓர் அறம். 18 வாரத்துக்குள் சிகிச்சை என்ற வாக்குறுதி அங்கே எழுத்தில் இருக்கிறது. மாதந்தோறும் கணக்கு வெளியாகிறது. பத்திரிகை எழுதுகிறது, நாடாளுமன்றம் கேட்கிறது. அந்த அழுத்தத்தால் 2022 பிப்ரவரியில் அரசு காலக்கெடு விதித்தது. இரண்டாண்டுக் காத்திருப்பு 2022 ஜூலைக்குள் ஒழிய வேண்டும், ஓராண்டுக் காத்திருப்பு 2025 மார்ச்சுக்குள் ஒழிய வேண்டும் என்று. இரண்டாவது கெடு நிறைவேறவில்லை. ஆனாலும் நிறைவேறவில்லை என்பது எல்லோருக்கும் தெரிந்தது.

அமெரிக்காவில் இப்படி ஒரு தேசியப் பட்டியலே கிடையாது. அறுவை எத்தனை நடந்தது என்று தெரியும். எத்தனை பேர் வராமலே போனார்கள் என்று சொல்ல ஓர் எண் இல்லை. மெடிக்கெய்ட் அட்டையோடு மருத்துவரைத் தேடிச் சலித்து விட்டுவிட்டவர், காப்பீடு போனதும் மாத்திரையோடு நின்றுவிட்டவர், யாருமே எந்த வரிசையிலும் இல்லை. அறுவை எண்ணிக்கை 2019இன் அளவுக்குத் திரும்பியது என்ற செய்தி இவர்களைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. வரிசையில் நிற்பவருக்குக் கேட்க ஒரு வழக்காவது உண்டு. வரிசையே இல்லாதவருக்கு அதுவும் இல்லை. இந்த ஒரு காரணத்துக்காகவே, தாமதத்தின் எல்லாக் குறைகளோடும், இங்கிலாந்தின் வழி அறத்தில் ஒரு படி மேல் என்று தீர்ப்புச் சொல்வேன்.

ஆனால் அந்தத் தீர்ப்பு நகராத வரிசையை மன்னிப்பதாக ஆகிவிடக் கூடாது. தீர்வு இங்கிலாந்திடமே இருந்தது. லண்டனுக்குத் தெற்கே எப்சமில், மூட்டு அறுவைக்கு மட்டுமான ஒரு மையம் 2004 முதலே இயங்கிவருகிறது. அவசர சிகிச்சைப் பிரிவின் கூட்டம் அதன் படுக்கைகளைப் பறிப்பதில்லை. எலும்பு அறுவை மருத்துவர் டிம் பிரிக்ஸ் தலைமையில் நடந்த சீர்திருத்த இயக்கம் இத்தகைய மையங்களைப் பல ஆண்டுகளாக வலியுறுத்திவந்தது. நாடு முழுவதும் அவை பரவலாகத் தொடங்கியது பேரிடருக்குப் பிறகுதான். முன்பே கட்டியிருந்தால், லட்சக்கணக்கானோரின் காத்திருப்பு குறைந்திருக்கும்.

என்ன செய்ய வேண்டும்?

இரண்டு நாடுகளின் அனுபவத்தையும் சேர்த்துப் பார்த்தால், அடுத்த பெருந்தொற்றுக்கு முன் எந்த நாடும் செய்துவைக்க வேண்டியவை தெளிவாகின்றன. அவசர நோயாளிகளின் வெள்ளத்தில் மூழ்காத தனி அறுவை மையங்களை அமைதிக் காலத்திலேயே கட்ட வேண்டும். அவற்றை அமெரிக்காவின் வேகத்தில் இயக்க வேண்டும். அறுவை நின்றாலும் மருத்துவமனையின் மூச்சு நிற்காதபடி நிதி ஏற்பாடு வேண்டும். அப்போதுதான் திறப்பதற்கான நாளை மருத்துவம் முடிவு செய்யும். ஒவ்வொரு படிக்கும் மேல்வரம்பு இருக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது நோயாளியைத் தொலைபேசியிலேனும் அழைத்து அந்த ஐந்து கேள்விகளையும் கேட்க வேண்டும். பதில் மோசமானால் அவருடைய இடம் முன்னேற வேண்டும். ஆபத்து மிகுந்த நோயாளிகளைக் கடைசிக்குத் தள்ளாமல், அவர்களுக்கென்று ஒரு பங்கு இடங்களை ஒதுக்க வேண்டும். யார் காத்திருக்கிறார்கள், எவ்வளவு காலம், எந்தப் பகுதியினர், எந்த வருமானத்தினர் என்ற கணக்கு மாதந்தோறும் பொதுவில் வர வேண்டும்.

இவற்றில் எதுவும் புதிய கண்டுபிடிப்பு இல்லை. ஒரு நாட்டில் ஒன்று இருந்தது, மற்றொன்றில் இன்னொன்று இருந்தது. இரண்டையும் சேர்த்து வைத்திருந்த நாடு இந்த இரண்டில் எதுவும் இல்லை என்பதே 2020இன் பாடம். பெருந்தொற்றில் இறந்தவர்களை எண்ணினோம், எண்ணியே ஆக வேண்டும். அதே காலத்தில் படி ஏற முடியாமல், உறங்க முடியாமல், மாத்திரையை நம்பி நாளைக் கடத்தியவர்களையும் அதே அக்கறையோடு எண்ண வேண்டும். மருத்துவ நிர்வாகிகளும் ஆட்சியாளர்களும் அடுத்த முறை அறுவை அரங்கைப் பூட்டும்போதே, அதை யாருக்காக, எந்த வரிசையில், எந்தத் தேதிக்குள் திறப்போம் என்பதையும் எழுதிவைத்துவிட்டுப் பூட்ட வேண்டும்.